மேகம் பத்துக்குள் இருக்கட்டும்

வானத்திலிருந்து பூமியைப் பார்க்கக் கட்டணம் எதுவும் கிடையாது. ஒரு மின்னஞ்சல் முகவரியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நேற்று விசாரணையில் நீங்களும் நம்பவில்லை. எங்கள் அலுவலகத்தில் இதற்கென்று ஏதோ ரகசியக் கடவுச்சொல் இருப்பதாக நினைத்து, அதைக் கொடுக்கும்படி மூன்று முறை கேட்டீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. இணையதளத்துக்குப் போக வேண்டும். வரைபடத்தில் வேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட வேண்டும். தேதி கொடுத்துத் தேடச் சொன்னால் படங்கள் வரிசையாக வந்து நிற்கும். ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை.

எழுதித் தருகிறேன் என்று நானேதான் கேட்டுக்கொண்டேன். நான் பேச ஆரம்பித்தால் முடிப்பதில்லை என்பது என் மனைவியின் நெடுநாள் புகார். நேற்று உங்கள் ஒலிப்பதிவுக்காரர் இரண்டு முறை கொட்டாவி விட்டதைப் பார்த்தபோது அவள் சொன்னதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியது.

என் வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கரைப் பாதுகாப்பு அலுவலகத்தில் நான் படப்பிரிவு அலுவலர். பிரிவு என்றால் நிறைய பேர் இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். நான் ஒருவன், ஒரு கணினி, கால் ஆடும் ஒரு மேசை. சுரங்கத்தில் தாதுவைக் கழுவியபின் மிஞ்சுகிற சேற்றை, மேட்டில் ஒரு மண்கரை எழுப்பி அதற்குப் பின்னால் தேக்கி வைத்திருக்கிறார்கள். அதைக் குளம் என்று சொல்வது வழக்கம். கரைக்கு நேர் கீழே தொழிலாளர் குடியிருப்பு. ஐந்து வரிசை, தொண்ணூற்றிரண்டு வீடுகள். மேலே இருப்பது கீழே வராமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. இயக்குநர் உட்பட முப்பத்தாறு பேருக்கும் அது ஒன்றுதான் வேலை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அது கீழே வந்துவிட்டது. முப்பத்திரண்டு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அலுவலகத்தின் கரை ஆய்வாளர். அவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். அவர்மேல் எனக்கு எந்தக் காலத்திலும் கோபம் இருந்ததில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடம் இருந்த கருவி ஒரு இரும்புக் கம்பி. நெஞ்சு உயரம், ஒரு முனை கூர். தினமும் கரையின் அடியோரமாக நடப்பார். பத்தடிக்கு ஒரு முறை கம்பியை மண்ணில் குத்துவார். எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதை வைத்துக் கரைக்குள் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். சாண், முழம் என்றுதான் நோட்டில் எழுதுவார். மில்லிமீட்டரில் எழுதும்படி நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். "என் கைக்கு மில்லிமீட்டர் தெரியாது மாப்பிள்ளை" என்பார். ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே அலுவலகத்துக்குள் வருவார். வந்து போன இடமெல்லாம் சேற்றுத் தடம் கிடக்கும். அதையும் யாரும் தவறாக நினைத்ததில்லை. அவரைக் கண்டால் எல்லாருக்கும் பிடிக்கும். வீட்டு விசேஷங்களில் அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். நான் பந்தலின் ஓரத்தில் நின்று, வந்தவர்களுக்கு வாகனம் நிறுத்த இடம் காட்டுவேன்.

செயற்கைக்கோள் படங்களை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தவன் நான். யாரும் கேட்கவில்லை. நானாகவே தேடினேன், நானாகவே கற்றேன். ஒவ்வொரு படத்தோடும் ஒரு விவரத்தாள் வரும். எந்தச் செயற்கைக்கோள், அதில் படம் பிடிக்கும் உணரி எது, எத்தனை மணிக்கு எடுத்தது, அப்போது சூரியன் எந்தக் கோணத்தில் நின்றது, படத்தில் மேகம் எத்தனை சதவீதம் என்று எல்லாம் அதில் இருக்கும். மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். நான் விவரத்தாளைப் படிப்பேன். இது சாதாரண விஷயம் இல்லை என்று நான் நினைக்கிறேன், ஆனால் சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லிப் பாராட்டு வாங்க முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

இயக்குநருக்குத் திட்டம் மிகவும் பிடித்துப்போனது. வானத்தில் நமக்கென்று ஒரு கண் இருக்கிறது என்று பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார். அந்தச் செயற்கைக்கோள் நம்முடையது அல்ல என்றும், அதன் படத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் இறக்கிக்கொள்ளலாம் என்றும் நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பேச்சு மாறியிருக்காது. புகைப்படத்துக்காக அவர் விரலை மேலே நீட்டினார். மேலே இருந்தது மின்விசிறி. தலைமுடி கலையக் கூடாது என்று அதை அணைத்து வைத்திருந்தார்கள். மறுநாள் பத்திரிகையில், நின்றுபோன மின்விசிறியைச் சுட்டிக்காட்டும் இயக்குநரின் படம் வந்தது. அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். நீங்கள் அவர் அறைக்குப் போனபோது பார்த்திருப்பீர்கள்.

இனி நீலத் தார்ப்பாய் விவகாரத்துக்கு வருகிறேன். எல்லாம் அங்கேதான் தொடங்கியது என்று உங்கள் உதவியாளர் நினைக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

போன கோடையில் ஒரு படத்தில் கரையின் வெளிச்சரிவில் பன்னிரண்டு நீலக் கட்டங்கள் தெரிந்தன. எங்களுக்குக் கிடைக்கும் படத்தில் ஒரு கட்டம் என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். வெளிச்சரிவில் அவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் என்றால் கரை கசிகிறது என்று அர்த்தம். நான் விவரத்தாளைப் படித்தேன். மேகம் பூஜ்யம், உணரி ஒழுங்காக இருந்தது, குறை சொல்ல எதுவும் இல்லை. உடனே இயக்குநருக்கு எழுதினேன். அபாயச் சங்கு ஊதினார்கள். தொண்ணூற்றிரண்டு வீட்டுக்காரர்களும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் தொலைக்காட்சிப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். அவருடைய மாமியார் பின்னால் நடந்து வந்தார்.

மச்சான் மட்டும் எதிர்த் திசையில் கரையை நோக்கி நடந்தார். அது தார்ப்பாய். சரிவில் புல் நடும் ஒப்பந்தக்காரர் நாற்றைக் காயாமல் வைக்க அறுபது மீட்டர் நீளத்துக்கு நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்.

மறுநாள் கூட்டத்தில் இயக்குநர், சுரங்க மேலாளர்கள், எங்கள் ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது மச்சான் பூட்ஸோடு உள்ளே வந்தார்.

"மாப்பிள்ளை, உங்க ஏரியை மடிச்சு ஸ்டோர் ரூம்ல வச்சிருக்கேன். வேணும்னா சொல்லுங்க, விரிச்சுத் தர்றேன்."

முதலில் இயக்குநர் சிரித்தார். பிறகு மற்றவர்கள் பதவி வரிசைப்படி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவையை ரசிக்கத் தெரியாதவன் இல்லை நான்.

அன்றிலிருந்து குடியிருப்பில் எனக்கு மடிச்ச ஏரி என்று பெயர். அலுவலக லிஃப்ட் இயக்குபவர் என்னைப் பார்த்தால் மேலே ஏரிக்கா என்று கேட்பார். யாராவது துண்டை மடித்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் இந்தக் கதையை மச்சானே வந்து சொன்னபோது என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். அவள் தோள் குலுங்கியது. பத்து மீட்டர் படத்தில் அது தெரியாது. நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் சுற்றறிக்கை. அதை எழுதியது நான் என்பதை உங்களிடம் இயக்குநர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஓராண்டாக அதைத் தான் எழுதியதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது உண்மையைச் சொல்லியிருக்கிறார். மகிழ்ச்சி. பொய் எச்சரிக்கையால் மக்களுக்குத் தொல்லை வரக் கூடாது என்பதுதான் நோக்கம். இனிமேல் சங்கு ஊத வேண்டுமானால் கம்பியின் குறிப்பு மட்டும் போதாது. அதோடு பதினைந்து நாளுக்குள் எடுத்த, மேகம் பத்து சதவீதத்துக்குள் உள்ள படம் ஒன்றை இணைக்க வேண்டும். அல்லது இரண்டு ராடார் படங்களின் ஒப்பீட்டை இணைக்க வேண்டும். இயக்குநர் முதல் வரியைப் படித்தார். 'அறிவியல்பூர்வமான' என்ற சொல்லை இன்னும் இரண்டு இடத்தில் சேர்க்கச் சொன்னார். கையெழுத்துப் போட்டார்.

ராடார் பற்றி இரண்டு வார்த்தை. சாதாரண உணரி சூரிய வெளிச்சத்தில் படம் எடுக்கும். மேகம் வந்தால் மேகத்தைத்தான் எடுக்கும். ராடார் உணரி அப்படியல்ல. அது தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை வாங்கிக்கொள்ளும். மழை, மேகம், இருட்டு எதுவும் அதற்குத் தடையில்லை. பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை எங்கள் கரைக்கு மேலே போகும். ஒரு முறை எடுத்ததையும் அடுத்த முறை எடுத்ததையும் ஒப்பிட்டால், இடையில் மண் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் தெரியும். இந்தப் படங்களும் இலவசம். அதே இணையதளத்தில், ராடார் என்று எழுதிய ஒரு சிறிய கட்டத்தில் குறி போட்டால் வரும். ஆனால் பார்க்க அழகாக இருக்காது. சிக்னல் இல்லாத தொலைக்காட்சி மாதிரி பொடிப்பொடியாக இருக்கும். அதனால் நான் அலுவலகத்தில் அதை யாருக்கும் காட்டியதில்லை. சுற்றறிக்கையில் அந்த வரி முழுமைக்காகச் சேர்த்தது. அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

மழை தொடங்கியது. ஆறு வாரம் விடவில்லை. மச்சானின் கம்பி முதல் வாரம் ஒரு சாண் இறங்கியது, அடுத்த வாரம் ஒரு முழம். அவர் குறிப்பு எழுதி அனுப்பினார். படம் இணைக்கப்படவில்லை என்று அது திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார், மறுபடி வந்தது. இயக்குநரை நேரில் பார்த்துச் சொன்னார். இயக்குநர் விதியைக் காட்டினார். பிறகு விரலை மேலே நீட்டி, அங்கிருந்து வரட்டும் என்றாராம்.

மச்சான் என்னிடம் வந்தார். மேகம் விலகவில்லை, படம் இல்லை என்றேன். அது உண்மை. சாதாரணப் படம் எதுவும் இல்லை.

கரை உடைவதற்கு இருபத்தேழு நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை, நான் முதல் ராடார் ஒப்பீட்டைச் செய்தேன். கரையின் நடுப்பகுதி ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே தள்ளியிருந்தது. மச்சான் எழுதி அனுப்பிய அதே இடம். அதை 'பயிற்சி' என்று பெயரிட்ட கோப்புறைக்குள் வைத்தேன்.

ஏன் உடனே சொல்லவில்லை என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். இப்போது பதில் சொல்ல முயல்கிறேன். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு கம்பி கண்டுபிடித்ததை ஒரு செயற்கைக்கோள் பின்னால் வந்து ஆமாம் போடுவது முறையாகப் படவில்லை. மச்சான் இருபது ஆண்டுகளில் ஒரு முறைகூட, தனக்கு ஒன்று தெரியவில்லை என்று என்னிடம் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை அதைச் சொல்லட்டும், படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கட்டும், அந்த நிமிடமே எடுத்து நீட்டிவிடலாம் என்று இருந்தேன். இது அதிக ஆசை இல்லை என்று நினைக்கிறேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் சாப்பிட்டோம். அவர் மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் போவது வழக்கம். சாப்பிட்டு முடித்ததும் என் மனைவிதான் சொன்னாள்.

"நீங்க எப்பப் பாத்தாலும் படம் இல்ல, படம் இல்லன்னே சொல்றீங்க. அண்ணனுக்கும் அதை எப்படித் தேடுறதுன்னு சொல்லிக் குடுத்துடுங்களேன். அவரே பாத்துக்கட்டும்."

மச்சானுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு கணினி முன்னால் வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். கடவுச்சொல்லாக 'கம்பி' என்று வைத்தார். பிறகு ஒரு தாளில் எட்டுப் படிகளாக எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்தத் தாள் இப்போது உங்களிடம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஐந்தாவது படி, ராடார் கட்டம் காலியாக இருக்கட்டும் என்பது. ஆறாவது படி, மேகம் பத்துக்குள் இருக்கட்டும் என்பது. அதற்குக் கீழே, இந்த இரண்டிலும் கை வைக்க வேண்டாம் என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அளவுகோல் வைத்துத்தான் போட்டேன்.

ராடார் கட்டத்தின்மேல் மச்சானின் பெரிய விரல் நின்றது.

"இது எதுக்கு மாப்பிள்ளை?"

"அது வேற வேலைக்கு மச்சான். கடல்ல கப்பல் தேடுறவங்களுக்கு."

இது பொய் அல்ல. கப்பல் தேடுகிறவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

"நமக்கு எதுக்குக் கப்பல்" என்று சிரித்தார். "நீங்க சொன்னா சரி. நான் கை வைக்கவே மாட்டேன்."

வைக்கவும் இல்லை. சொன்னால் சொன்னதைச் செய்கிற மனிதர். இருபத்தொரு நாள், காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை, அந்த எட்டுப் படிகளையும் வரிசை மாறாமல் செய்தார். ஒவ்வொரு முறையும் உங்கள் தேடலுக்குப் பொருந்தும் படம் எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. எனக்குச் செய்தி அனுப்புவார். 'இன்னிக்கும் இல்ல மாப்பிள்ளை.' நான் 'பொறுங்கள் மச்சான்' என்று பதில் போடுவேன். சில நாள் அவர் கரையில் கம்பி எவ்வளவு இறங்கியது என்பதையும் சேர்த்து அனுப்புவார். அவற்றை நான் ராடார் முடிவுகளோடு வைத்துப் பார்த்தேன். மிக நன்றாகப் பொருந்தின. இரண்டாவது ஒப்பீட்டில் மூன்று சென்டிமீட்டர். உடைவதற்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை வந்த மூன்றாவதில் ஏழு.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த உரையாடல் ஒன்றரை நிமிடம் நீண்டது என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. சரிதான்.

"மாப்பிள்ளை, கம்பி இன்னிக்குப் பாதிக்கு மேல போயிடுச்சு. இழுத்தா வர மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கு."

"படம் தேடிப் பாத்தீங்களா மச்சான்?"

"தேடாம இருப்பேனா. ஒண்ணும் வரல. எனக்கு இதெல்லாம் தெரியல மாப்பிள்ளை. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

இருபது ஆண்டுகளாக நான் காத்திருந்த வாக்கியம் அதுதான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு முன்னால் திரையில் ஏழு சென்டிமீட்டர் சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன் என்றும் நினைவு. ஆனால் அதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். வேறு யாரும் கேட்கவில்லை. ஏரியை மடித்த கதையை அறை நிறைய ஆட்கள் கேட்டார்கள், இதை நான் ஒருவன் கேட்டேன். கணக்குச் சரியாக வரவில்லை.

"திங்கக்கிழமை கூட்டத்துல கேளுங்க மச்சான். எல்லாரும் இருப்பாங்க. இதையே அப்படியே சொல்லுங்க. நான் எடுத்துக் காட்டுறேன்."

அந்தப் பக்கம் மழை விழும் சத்தம் கேட்டது.

"அதுவரைக்கும் நிக்குமா?"

"நிக்கும்."

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றவற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை முழுவதும் வேலை செய்தேன். சோம்பேறித்தனத்தால் நடந்தது என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் பதினொரு பக்கம் தயாரித்தேன். முதல் பக்கத்தில் ராடார் உணரி எப்படி இயங்குகிறது என்று எளிய படம். ஏழாவது பக்கத்தில் கரை. நகர்ந்த இடத்தை எந்தச் சிவப்பில் காட்டுவது என்று நெடுநேரம் பார்த்தேன். கடும் சிவப்பு பீதியைக் கிளப்பும். வெளிர் சிவப்பைக் கடைசி நாற்காலியில் இருப்பவர் பார்க்க முடியாது. மாலை ஆறு மணிக்கு ஒரு நல்ல செங்கல் நிறம் அமைந்தது. என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். என்ன இது, அழகாக இருக்கிறதே என்றாள். திங்கட்கிழமை தெரியும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தப்பியவர்கள் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நானும் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். காலை எட்டு மணிக்கு மச்சான் குடியிருப்புக்கு வந்திருக்கிறார். கையில் உத்தரவு இல்லை, சங்கு ஊத அதிகாரம் இல்லை, படம் இல்லை. கம்பியால் கதவுகளைத் தட்டிக்கொண்டே போயிருக்கிறார். மேல் மூன்று வரிசைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுக் கொல்லையில் ஏற்கெனவே தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. நான்காவது வரிசையில் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம். 'என்னண்ணே, மறுபடியும் ஏரியா? நீங்களே மடிச்சு வச்சிடுங்க' என்று யாரோ சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு. அது அவருடைய நகைச்சுவைதான். என்னுடையது அல்ல. ஒரு நகைச்சுவையைச் சொல்லும் முன்பு அதன் விளைவுகளை யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. விசாரணை அறிக்கையில் இந்த அம்சத்துக்கும் உரிய இடம் தருவீர்கள் என்று நம்புகிறேன்.

சிரித்தவர்களை விட்டுவிட்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை. ஒவ்வொரு வீடாக உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். ஒன்பதே முக்காலுக்கு அவர் ஐந்தாவது வரிசையில் இருந்தார்.

பத்தாம் நாள் நானும் மனைவியும் மச்சானின் வீட்டைக் காலி செய்யப் போனோம். நான் அவருடைய சட்டைகளை ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கணினி முன்னால் உட்கார்ந்தாள். திரையின் ஓரத்தில் என் தாள் டேப் போட்டு ஒட்டியிருந்தது. அவள் அதை வாய்விட்டு, முதல் படியிலிருந்து படித்தாள். அண்ணன் செய்தது போலவே ஒவ்வொன்றாகச் செய்தாள். ஐந்தாவது படியில் நிறுத்தினாள்.

"இதுல கை வச்சா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவள் ராடார் கட்டத்தில் குறி போட்டாள். மேகத்தைப் பத்திலிருந்து நூறுக்கு இழுத்தாள். தேடச் சொன்னாள். அவளுக்குக் கணினி அவ்வளவு பழக்கமில்லை. ஆனாலும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படங்கள் வரிசையாக வந்து நின்றன. அவள் விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பதினேழு.

"இத்தனை இருக்கே" என்றாள்.

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாளை டேப் கிழியாமல் மெதுவாக உரித்தாள். இரண்டாக மடித்து, நாலாக மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை உங்களிடம் வந்தாள். அவள் செய்தது சரி. என்னிடம் கேட்டிருந்தால் நானே கொண்டுவந்து கொடுத்திருப்பேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

ஆக, நீங்கள் கேட்டபடி ஒரே பத்தியில் எழுதித் தருகிறேன். கரை நகர்வது எனக்கு இருபத்தேழு நாள் தெரியும். அதை மறைத்தேன். என் மச்சான் அதைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அவருக்குத் தேடும் முறையை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர் நான் சொன்னதை நம்புவார் என்று தெரிந்தே செய்தேன். கடைசியாக அவர் கேட்டபோதும் கரை நிற்கும் என்று சொன்னேன். நிற்காது என்பதற்கான சான்று அப்போது என் கண்முன் இருந்தது. யாருடைய தூண்டுதலும் இல்லை. முழு நினைவோடு எழுதுகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் கருத்தில் கொள்ளுங்கள். எங்கள் படத்தில் ஒரு வீடு ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும், மனிதர்கள் தெரிய மாட்டார்கள். பல ஆண்டுகள் அப்படியே பார்த்துப் பழகியவன் நான்.

இன்னும் ஒன்று. இது வழக்கோடு சம்பந்தப்பட்டதல்ல. கரை உடைந்து இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, ஆறு வாரத்தில் முதல் முறையாக வானம் வெளுத்தது. காலை பத்தரைக்குச் செயற்கைக்கோள் கடந்து போனது. படம் இணையதளத்துக்கு வரச் சில மணி நேரம் ஆகும். வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து நிமிடத்துக்கு ஒரு முறை தேடிக்கொண்டிருந்தேன். வந்ததும் முதலில் எடுத்தவன் நான்தான். மேகம் பூஜ்யம். உணரி ஒழுங்கு. சூரியன் நல்ல கோணம். கரையின் நடுவில் விழுந்த இடைவெளி, அதிலிருந்து விசிறி போல் விரிந்து கிடக்கும் பழுப்பு, அதன் ஓரத்தில் மிஞ்சியிருக்கும் சில வீடுகள், எல்லாம் கோடு போட்டது போல் இருக்கும். இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு தெளிவான படம் எனக்குக் கிடைத்ததில்லை. உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் அதைத்தான் போட்டார்கள். உங்கள் அறிக்கையின் அட்டையிலும் அதுதான் வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன்.

எல்லா இடத்திலும் அதற்குக் கீழே 'பட உதவி: இயக்குநர்' என்று இருக்கிறது. அவருக்கு அந்த இணையதளம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தேடி எடுத்தது நான். அட்டை அச்சுக்குப் போகும் முன் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.